மிஷன் ஆஸ்பத்திரியும் கிறிஸ்துமஸும்

1856இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கிறிஸ்துமஸைப் பொது விடுமுறையாகச் சட்டம் செய்தது. அம்மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அப்போது ஊரில் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார். 1847இல் வந்தவர். ஆக, அவர் பிறந்து வளர்ந்து, வைத்தியம் படித்து, கப்பலேறிய நாள்வரை அவருடைய மாநிலத்தில் டிசம்பர் 25 சட்டத்தின் கண்ணில் வெறும் வேலைநாள். சொந்த ஊரில் பண்டிகைக்கு அங்கீகாரம் கிடைத்தபோது அவர் கடல்களுக்கு இப்பால் தமிழர்களின் கட்டிகளைக் கீறிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்ல ஒரு முகாந்திரம் உண்டு. சென்ற டிசம்பரில் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு டீக்கடையில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். கடை வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தைக் காட்டி நண்பர் ஒருவர், "ஊசியும் மருந்தும் வந்த பெட்டியிலேயே இதுவும் வந்து இறங்கியது. நீங்களெல்லாம் எழுதுகிற கவிதையும் அதே கப்பலில் வந்ததுதான்" என்றார். 1971இல் வானம்பாடி தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் ஏதோ ஒரு ரூபத்தில் கேட்டுவருகிற வாதம். கவிதையைப் பற்றி வேறு சமயம் சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. திறந்து பார்த்ததில், அதற்குள் நட்சத்திரம் இல்லை.

பியூரிட்டன்கள் என்ற கடும் சீர்திருத்தக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஆகாது. வேதத்தில் தேதி சொல்லவில்லை, இது ரோமாபுரி நுழைத்த பழக்கம், குடியும் கூத்துமே மிச்சம் என்பது அவர்கள் கட்சி. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் இப்பண்டிகையை ரத்து செய்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659ஆம் வருஷச் சட்டப்படி கொண்டாடுகிறவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல்தான் அது நீங்கியது. சட்டம் போனாலும் மனம் இளக மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இந்த மரபின் வாரிசுகள்தான் காங்கிரிகேஷனல் சபையார். இவர்களுடைய அமெரிக்கன் போர்டு 1816இல் யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து 1834இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. இவர்களுடைய இங்கிலாந்துப் பங்காளிகள் பெரும்பான்மையாக இருந்த லண்டன் மிஷன் 1830இல் கோயமுத்தூருக்கு வந்தது. வந்தவர் பெயர் அடிஸ். பங்காளி என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். கொங்கில் பங்காளிகளுக்குக் கோயிலும் ஒன்று, விலக்கும் ஒன்று.

அதற்கு முன்பே இங்கே கிறிஸ்துமஸ் இருந்ததே என்று கேட்கலாம். வாஸ்தவம். கருமத்தம்பட்டிப் பக்கம் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கத்தோலிக்கர் உண்டு, அவர்கள் மரபில் நள்ளிரவுப் பூசை உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லுத்தரன். லுத்தர் இந்தப் பண்டிகையை விடவில்லை. வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக்கி, நாட்டு வளம், நகர வளம் என்று நம் காப்பியச் சம்பிரதாயம் பிசகாமல் பாலன் பிறப்பைத் தேம்பாவணிக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆனால் நான் இங்கே பேசுவது ஆஸ்பத்திரியை. மானிப்பாய், நெய்யூர், மதுரை, பின்னால் ஈரோடு என்று தமிழ்க் கிராமத்தான் கட்டுப்போட்டுக்கொள்ளப் போன திண்ணைகள் பலவும் பண்டிகைக்கு ஒப்பாத இந்தச் சபை மரபைச் சேர்ந்தவர்கள் போட்டவை. வேலூர் கதை வேறு; அதை எல்லோரும் அறிவார்கள், விட்டுவிடுகிறேன்.

வங்கிக்காரன் என்பதால் ஒரு குறுக்குச்சால். பண்டிகைக்கு எதிரான அதே பிடிவாதம் ஸ்காட்லாந்தில் இன்னும் நீண்டது. அங்கே 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறை இல்லை. ஆனால் 1871ஆம் வருஷச் சட்டத்தின் பேரில் வங்கிகள் மட்டும் அன்று மூடிக்கிடந்தன. நம் நாட்டில் 1881இல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம், இயற்றப்பட்டபோதே, தன் 25ஆம் பிரிவில் கிறிஸ்துமஸைப் பெயர் சொல்லி விடுமுறையாக்கியது. காசோலைக்கும் உண்டியலுக்குமான சட்டம் அது. போதகர்கள் தயங்கிய இடத்தில் லேவாதேவிக்காரர்கள் தயங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கிறீனுக்கு வருவோம். இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். தம்பி மானிப்பாய்க்கு வந்து, வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுத்தார். அதன் பலன் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் போவான், தமிழில் படித்தவன்தான் கிராமத்தில் தங்குவான் என்பது அவர் போட்ட கணக்கு. 1857இல் ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, 1862இல் மறுபடி வந்தவர், 1860களின் நடுவிலிருந்து தமிழிலேயே வைத்திய வகுப்பு நடத்தினார். பாடப் புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணவர்களுமாக மொழிபெயர்த்தார்கள். 1867இல் இரண வைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதம், அதாவது இன்றும் வைத்திய மாணவர்கள் சுமக்கிற கிரேயின் உடற்கூற்றுப் புத்தகம். 1875இல் கெமிஸ்தம். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இந்தத் தமிழைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லாமல் போக முடியாது. 'அங்காதிபாதம்' என்ற பெயரைப் பாருங்கள். பாதாதிகேசம் தெரிந்த காதுக்கு அது உடனே பிடிபடும். தெய்வத்தின் அங்கங்களை வரிசையாகப் பாடுகிற பழக்கத்தை நரம்புக்கும் எலும்புக்கும் மாற்றிவிட்டது போல இருக்கிறது. 'சுகரணம்' என்பது உடலியங்கியலுக்கு இட்ட பெயர். இன்றைக்கு ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், வடமொழி வாடை என்று ஒதுக்கிவிடுவார்கள். 'கெமிஸ்தம்' இன்னும் துணிச்சல்: அந்நியச் சொல்லைப் பிடித்து அம் விகுதி போட்டு, மரம், பழம் என்பவற்றோடு வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தனித்தமிழ்க்காரர் இதை ஒப்பமாட்டார். ஆனால் ஒரு சொல் உடனடியாக வேண்டும், நாளைக் காலை வகுப்பு இருக்கிறது, எதிரே இருபது பையன்கள் என்ற நெருக்கடியில் பிறக்கிற சொல்லுக்கு ஒரு வேகம் இருக்கிறது. பிற்காலத்துக் கமிட்டிகள் செய்த சொற்களில் நான் காணாத வேகம் அது.

தமிழர் கிறிஸ்தவராகலாம், ஆனால் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராக வேஷம் கட்டவேண்டாம் என்பதிலும் கிறீன் பிடிவாதமாக இருந்தார். கடிதங்களில் இது தெரிகிறது. அவர் இறந்த பிறகு, 1891இல், எபனேசர் கட்லர் என்பவர் தொகுத்து அச்சிட்டார். பாதிரி மனோபாவத்திலிருந்து கிறீன் முற்றும் விடுபட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. மதம் மாற்ற வந்தவர்தான், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் எது விசுவாசம், எது வூஸ்டர் நகரத்துப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. பண்டிகையையும் அலங்காரத்தையும் பற்றி ஏற்கனவே சந்தேகம் கொண்ட ஒரு மரபில் வளர்ந்தவருக்கு இது சுலபமாக வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கொண்டாட்டத்தைக் கொண்டுவராதவர் மொழியைக் கற்றுக்கொள்ள அதிக இடம் வைத்திருந்தார்.

அப்படியானால் நாம் இன்று மிஷன் ஆஸ்பத்திரிகளில் பார்க்கிற கிறிஸ்துமஸ் எப்போது வந்தது? அது கிறீனின் தலைமுறைக்குப் பின்னால், அவர்கள் ஊரிலேயே புதிதாகச் செய்யப்பட்டு வந்தது. 1843இல் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளியானது. அதே வருஷம் முதல் வாழ்த்து அட்டை அச்சாயிற்று. 1848இல் விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கிற படம் லண்டன் பத்திரிகையில் வந்தது. மரம் ராணியின் கணவர் வழி ஜெர்மன் சொத்து. பாட்டி, தாத்தா காலத்துப் பண்டிகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டது பெரும்பாலும் ஒரு தலைமுறைக்குள் தைத்த சட்டை. டிக்கன்ஸ் ஒருவர்தான் காரணம் என்றால் அது இலக்கியக்காரனின் பேராசை. ஆனாலும் பிரசங்க மேடை இரண்டு நூற்றாண்டாக விலக்கி வைத்ததை ஒரு சின்னக் கதைப் புத்தகம் வீட்டுக்குள் கொண்டுவர உதவியது என்பது நமக்கு உவப்பான செய்திதான். 1870இல் அமெரிக்க மத்திய அரசும் விடுமுறை கொடுத்தது. காங்கிரிகேஷனல் சபைகளும் மெல்ல வழிக்கு வந்தன.

ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கிறிஸ்துமஸுக்குத் தனி இலக்கணம் இங்கிலாந்தில் உருவாயிற்று. வார்டுகளில் தோரணம், பெரிய டாக்டரே வந்து நோயாளிகளுக்கு வான்கோழி அறுத்துப் பரிமாறுவது, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, நர்ஸுகள் மேலங்கியைப் புரட்டிச் சிவப்பு உள்துணி வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, கைவிளக்கோடு பாடியபடி கட்டில் வரிசைகளுக்கு நடுவே நடந்துபோவது. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியை வளர்த்த டாக்டர் ஹில்டா பொலார்டின் காலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அக்காலத்தில் வந்த டாக்டரம்மாக்களும் சிஸ்டர்களும் இந்தப் புதுக் கிறிஸ்துமஸில் பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தாக்கள் அதை விலக்கியிருந்தார்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஈரோட்டில் பிரப் ரோடு என்று இன்றும் ஜனங்கள் சொல்கிற, இப்போது மீனாட்சி சுந்தரனார் பெயரைத் தாங்கிய சாலையில் போகிறவர்கள் அந்த ஆஸ்பத்திரியையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் பெயரால் நிற்கிற கோயிலையும் பார்க்கலாம். 1908இல் லண்டன் மிஷன் சபைகளும் யாழ்ப்பாணத்து, மதுரை அமெரிக்க மிஷன் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபைக்குள் போயிற்று. மானிப்பாயும் கோயமுத்தூரும் ஒரே குடையின் கீழ் வந்த கதை இது.

சில வருஷங்களுக்கு முன் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து, இந்தப் பக்கத்துப் பழைய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வாரம் படுத்திருந்தாள். டிசம்பர் 22 ராத்திரி கீதபவனி வந்தது. மெழுகுவர்த்திக்கு அனுமதியில்லை, வார்டில் ஆக்சிஜன் ஓடுகிறது. எனவே நர்ஸிங் படிக்கிற பெண்கள் கைபேசி வெளிச்சத்தைக் காகிதக் கூட்டுக்குள் வைத்து ஏந்தி வந்தார்கள். முதல் பாட்டு ஆங்கில மெட்டு. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது, கீர்த்தனை. சிங்கியும் டோலக்கும் சேர்ந்துகொண்டன. பக்கத்துக் கட்டிலில் மொடக்குறிச்சிப் பக்கத்து ஆத்தா ஒருவர், மஞ்சள் காட்டில் விழுந்து கை ஒடிந்தவர், எழுந்து உட்கார்ந்துகொண்டார். "ஏங்கண்ணு, இது நம்மூர் மார்கழிப் பஜனையாட்டவே இருக்குதே" என்றார். பிறகு, "பொங்கல் குடுப்பாங்களா?" என்று விசாரித்தார். "தெரியலைங்க ஆத்தா" என்றேன். காலையில் வாழைப்பழமும் ஒரு துண்டு கேக்கும் வந்தன. பழத்தைச் சாப்பிட்டார். கேக்கைக் காகிதத்தில் மடித்துப் பேரனுக்கு என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஆத்தா சொன்னதை வெறும் வெள்ளந்திப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விமர்சகன் பக்கம் பக்கமாக எழுதிச் சொல்லவேண்டியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். குளிரில் விடியுமுன் கூட்டமாகப் பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போவது, கோடித் துணி, முறுக்கும் கச்சாயமும் சுட்டுப் பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் அனுப்புவது, கோயில் முற்றத்தில் கோலம், இருட்டோடு எழுந்து போகிற அதிகாலை ஆராதனை: இவற்றில் இங்கிலாந்து எங்கே இருக்கிறது? நம் மார்கழியும் தீபாவளியும் போட்டுவைத்த தடத்தில்தான் வண்டி ஓடுகிறது. பெயர்ப்பலகை மட்டும் அவர்களுடையது.

இந்தத் தடத்தைப் போட்டவர்களில் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெரியவர். 1774இல் பிறந்தவர், 1864வரை இருந்தவர், சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறத்தி வந்து பெத்லகேம் நாட்டு வளம் சொல்கிற துணிச்சல் அவருடையது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய கீர்த்தனைகளை அச்சேற்றிப் பரப்பியவர்களில் ஒருவர் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப். 1853இல் அவருடைய தொகுப்பு வந்தது. அதாவது, பண்டிகையே இல்லாத சபை மரபிலிருந்து வந்தவர் ஒருவர், பின்னாளில் அந்தப் பண்டிகைக்கு உயிர் கொடுக்கப்போகிற பாட்டுகளைப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்தார். டீக்கடை நண்பர் சொன்ன பெட்டி இப்படித்தான் இருக்கிறது. யார் எதை வைத்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று சுங்க அதிகாரியாலும் எழுத முடியாது.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1921இல் டாக்டர் எஸ். ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் சேர்ந்து தொடங்கியது. ஆசிரமத்தில் அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன், வரிசையைக் கவனியுங்கள். கதர் உடுத்தினார்கள், ஆஸ்பத்திரி நடத்தினார்கள், ஜெபாலயத்தைக் கோபுரம் வைத்துத் திராவிடக் கோயில் அமைப்பில் கட்டினார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. கோபுரம் நன்றாக யோசித்துக் கட்டியது. ஆத்தாவின் மார்கழிப் பஜனையை யாரும் யோசித்துக் கட்டவில்லை. முன்னதை மரியாதையோடு பார்க்கிறேன், பின்னதை நம்புகிறேன். நம் இலக்கியத்திலும் மண்வாசனையைத் திட்டமிட்டுக் கொண்டுவருகிறவர்களிடம் எனக்கு இதே உறுத்தல் வருகிறது. ஆனால் சின்னண்ணன் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர்களை நான் மன்னித்துவிடத் தயார்.

கிறீன் வைத்துவிட்டுப் போன தமிழ் என்னவாயிற்று என்பதுதான் என்னை உண்மையில் தொந்தரவு செய்கிற விஷயம். 1870இல் கொழும்பில் அரசு வைத்தியப் பள்ளி தொடங்கியது, ஆங்கிலத்தில். 1873இல் கிறீன் நிரந்தரமாக ஊர் திரும்பினார். மானிப்பாயின் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நிலைக்கவில்லை. நம் பக்கத்தில் இந்த இழையை மறுபடி பிடித்தவர்கள் உண்டு. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களுக்காக ஒரு சங்கம் வைத்தார்கள். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் கலைக்கதிர் நடத்தினார். மொடக்குறிச்சிச் சீமையிலிருந்து போன பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954இலிருந்து 1968வரை கொண்டுவந்து முடித்தார். சாதாரணச் சாதனைகள் அல்ல. ஆனால் இவை எதுவும் நோயாளியின் கட்டில்வரை போய்ச் சேரவில்லை.

இன்று கோவையை ஆஸ்பத்திரிகளின் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம். கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தாராபுரத்து விவசாயி ஒருவர் கையில் கிடைக்கிற ஸ்கேன் அறிக்கை ஆங்கிலம். மருந்துச் சீட்டு ஆங்கிலம். சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற தாள், தமிழில் இருந்தாலும், அது தமிழா என்று தெரியாத ஒரு தமிழ். என் கவுண்டருக்கு வருகிற கிழவர்கள் இன்ஷூரன்ஸ் பாரத்தோடு இந்த அறிக்கைகளையும் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குதுங்க, சித்த படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். ஆங்கிலத்தில் பி.ஏ. வாங்கியவன் நான், ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்வேன். அந்தத் தாளில் இருக்கிற லத்தீனுக்கு நான் என்ன சொல்ல? அவர் உடம்பைப் பற்றிய செய்தி, அவருக்கும் எனக்கும் நடுவில், இருவருக்கும் புரியாத பாஷையில் கிடக்கிறது. கிறீனின் மாணவன் ஒருவன் 1867இல் மானிப்பாயில் அவருக்குச் சொல்லியிருப்பான்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த கோப்பில் இருபது தாள்கள் இருந்தன. தமிழில் இருந்தது ஒன்றே ஒன்று. கீதபவனிக்கு நகல் எடுத்து வார்டில் விநியோகித்த பாட்டுச் சீட்டு.

கிறீன் ஊர் திரும்பிய பிறகும் வேலையை விடவில்லை. வூஸ்டரில் அப்போது கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். பனி பெய்கிற அந்த டிசம்பர்களில் அவர் தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர். கெமிஸ்தம் வந்தது அந்த வருஷங்களில்தான். 1883இல் மனுஷ சுகரணம் வெளியாயிற்று. 1884 மே மாதம் இறந்தார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொருள்படுகிற ஒரு வரி வூஸ்டரில் அவர் கல்லறையில் ஆங்கிலத்தில் இருக்கிறது.